வாத்தியார் பக்கத்து பிரேக்

மார்ச் 4

அன்புச் சின்னவளுக்கு,

பெரியவள் எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், அவருடைய முதுகுவலி மூவரும் சௌக்கியம். அங்கே நீ, மாப்பிள்ளை, பையன் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? குளிர் விட்டதா?

விலைவாசியைப் போனில் பேசுவோம், மனசில் இருப்பதைக் கடிதத்தில் எழுதுவோம் என்று நாம் வைத்துக்கொண்ட வழக்கம் இன்று எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வாத்தியார் போய்விட்டார். மதியம் சாப்பிட்டுவிட்டு டிரைவிங் ஸ்கூல் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து டீ ஆறிவிடக் கூடாதே என்று மூடி வைத்தேன். ஆறியது டீ மட்டும் இல்லை.

நீ கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அவரிடம் கற்றுக்கொள்ளப் போய்ப் பாதியில் நின்றவள். நான் அதற்கு ரொம்ப நாள் கழித்து, உன் அத்தான் சாரத்திலிருந்து விழுந்து படுத்த பிறகு, கணக்கு எழுதும் வேலை கேட்டுப் போனவள். "எழுத ஆள் கிடைக்கும்மா, ஓட்டத்தான் ஆள் வேணும்" என்று சாவியைக் கையில் கொடுத்தார். நாற்பது வயதுக்கு மேல் என்னைப் பயிற்சி கொடுப்பவளாக்கினார். முதல் வாரம் முழுக்க நிறுத்தத்தான் சொல்லிக்கொடுத்தார். "வண்டிய ஓட வைக்கக் கழுதைக்குக்கூடத் தெரியும். நிறுத்தத் தெரியணும்." தன் கிளாஸைத் தானே கழுவுவார். நேற்று சேர்ந்த மாணவனையும் "வாங்க" என்றுதான் கூப்பிடுவார்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் டயர் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒரு போட்டோ கொண்டுவந்தார். அதில் நம் வாத்தியார்! தோல் சட்டை, முகமெல்லாம் சேறு, ஒல்லியான ஒரு மோட்டார் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். மண் தடத்தில் பந்தயம் ஓட்டியவராம்! வேகம் நாற்பதைத் தாண்டினால் "என்ன அவசரம்?" என்று கேட்கும் மனிதர். சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்பதால் வாயைப் பொத்திக்கொண்டேன், பிறகுதான் அழுகை வந்தது.

பள்ளியையும் காரையும் போன வருஷமே என் பெயருக்கு மாற்றிவிட்டார். அவருக்கு வேறு யாரும் இல்லை. இனி நான்தான் ஓட்ட வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
பெரியவள்

*

மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அத்தானுக்குச் சூடான ஒத்தடம் கொடுக்கவும். பையன் என்னைவிட உயரமாகிவிட்டான்.

வாத்தியார் விஷயம் அறிந்து மனசு சரியில்லை. நல்ல மனிதர். அவர் பந்தயம் ஓட்டியது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

புதிதாகச் சேருகிறவர்களை எந்த ரோட்டில் கூட்டிக்கொண்டு போகிறாய்? சந்தை ரோடு நல்லது. கூட்டத்தில் ஓட்டினால்தான் கை பழகும்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
சின்னவள்

*

ஏப்ரல் 15

அன்புச் சின்னவளுக்கு,

உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. காகிதம் அங்கே அவ்வளவு விலையா? நாங்கள் நலம். அத்தான் இப்போது குச்சி இல்லாமல் தெருமுனை வரை போகிறார், அங்கே டீ குடிப்பதாக எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சந்தை ரோட்டில் கற்றுக்கொடுத்தால் மாணவன் பிழைப்பான், சந்தை பிழைக்காது. செங்கல் சூளை தாண்டி ஒரு நேர் ரோடு போகிறதே, அங்கேதான் போகிறேன். ஆள் அரவம் இல்லை, இரண்டு பக்கமும் வெறும் வயல்.

அங்கே ஒன்று நடந்தது. நீ சிரிக்க மாட்டாய் என்று எழுதுகிறேன். பயிற்சி கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா? போன வாரம் ஒரு மாணவரை வீட்டில் இறக்கிவிட்டுக் காலையில் நான் மட்டும் அந்த வழியாக ஓட்டிக்கொண்டு திரும்பினேன். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. என் கால் ஆக்ஸிலரேட்டரில் இருக்கிறது. பக்கத்து பிரேக் தானாகக் கீழே இறங்கியது. படக்கென்று இல்லை. மடியில் வைத்த தட்டு சரியாதபடி, மெல்ல. அப்படி மிதிக்கத் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். வண்டி நின்றது. பிரேக் கீழேயே இருந்தது. சிறிது நேரம் கழித்து மேலே வந்தது. வண்டிக்குள் ஆமணக்கெண்ணெய் சுட்டது போல ஒரு வாசனை.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, "பெடலுக்குப் பேய் பிடிக்காதுக்கா, துருதான் பிடிக்கும். அதுவும் பிடிக்கல" என்றான். எண்ணெய் போட்டு அனுப்பினான். மறுபடியும் அதே இடத்தில் அதே மாதிரி நடந்தது.

எனக்குப் பயமில்லை. வாத்தியார் பக்கத்தில் இருந்தால் எனக்கு எப்போதும் பயம் இருந்ததில்லை. ஆனால் அங்கே யாருக்காக நிறுத்துகிறார்?

உன்,
பெரியவள்

*

ஏப்ரல் 24

அக்கா,

இதை அவசரத் தபாலில் அனுப்புகிறேன். அந்த ரோட்டுக்குப் போகாதே. போயே ஆக வேண்டும் என்றால், அந்த வளைந்த மின்கம்பத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றால் கண்ணாடியை இறக்காதே. என்ன நடந்தாலும் கதவைத் திறக்காதே.

இங்கே இரண்டு நாளாக மழை. துணி காயவில்லை. எல்லோரும் நலம்.

சின்னவள்

*

மே 12

அன்புச் சின்னவளுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மின்கம்பம் என்று எழுதவே இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். வளைந்துதான் இருக்கிறது, ரோட்டைப் பார்த்துக் குனிந்த மாதிரி. வண்டி நிற்பதும் அதற்கு நேராகத்தான். உனக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. என்னிடம் தையல்காரம்மா ஒருவர் படிக்கிறார். தைக்கிற மெஷினை மிதித்து மிதித்துக் கால் நல்ல பக்குவம். இந்தக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. அந்த இடத்தில் அவரே பிரேக்கை மிதித்து நின்றுவிட்டார். நான் வாத்தியார் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

"ஏம்மா நின்னுட்டீங்க?"

"அந்தப் பொண்ணு போயிடட்டும் மேடம்."

"எந்தப் பொண்ணு?"

"தண்ணிக் கேன் வெச்சிருக்கே, அதான்." கொஞ்சம் பொறுத்துக் குரலை இறக்கிக்கொண்டார். "போக மாட்டேங்குது மேடம். உங்களையே பாக்குது."

பகல் வெயில், சின்னவளே. முன்னால் வெறும் தார் ரோடு. என் பக்கத்துக் கண்ணாடியில் மட்டும், வெளியிலிருந்து யாரோ மூச்சு விட்ட மாதிரி ஒரு பனிப்படலம் படிந்து, சிறுத்து, மறைந்தது.

தையல்காரம்மா அதன்பிறகு வரவில்லை. ஊருக்குச் சொல்லவும் மறக்கவில்லை. கூடவே மூன்று பேர் நின்றுவிட்டார்கள். உன் அத்தான் காரை விற்றுவிடலாம் என்கிறார். விற்றால் வாங்குகிறவனுக்கு வாத்தியாரையும் சேர்த்து அல்லவா விற்கிறேன்?

நீ எதையோ மறைக்கிறாய். பதில் எழுது.

உன்,
பெரியவள்

*

ஜூலை 3

சின்னவளுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனில் எண்ணெய் விலை சொல்கிறாய், பையன் லைசென்ஸ் வாங்கியதைச் சொல்கிறாய், நான் கம்பம் என்று வாயைத் திறந்தால் லைன் சரியில்லை என்கிறாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

நீ சொல்லாததால் டயர் கடைப் பெரியவரிடம் போனேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கையில் இருந்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டுவிட்டார்.

"அந்த நேர் ரோடு பின்னாடிதாம்மா வந்துச்சு. அப்ப அது எங்க தடத்தோட ஒரு பக்கம். அந்தக் கம்பம் இருக்கிற இடத்துலதான் வளைவு முடியும்."

அவரும் வாத்தியாரும் ஒன்றாக ஓட்டியவர்கள். வாத்தியார் எப்போதும் முன்னால், இவர் எப்போதும் பின்னால். எஞ்சினுக்கு ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றுவார்களாம். அந்த வாசனையை நான் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தண்ணி விக்கிற பொண்ணு ஒண்ணு இருந்துச்சும்மா. பந்தயம் முடிஞ்சுதுன்னு நினைச்சு, அந்தப் பக்கம் போகத் தடத்துல இறங்கிடுச்சு. ஒரே தூசி. வளைவு முடியுற இடத்துலதான் அவன் பாத்தான்."

"பிரேக் பிடிக்கலையா?"

அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "எங்க வண்டிக்கு பிரேக்கே கிடையாதும்மா. வைக்க மாட்டாங்க. ஒருத்தன் மிதிச்சா பின்னாடி வர்றவன் மேல ஏறிடுவான்ல? இடது கால் பூட்ஸுல இரும்புத் தகடு அடிச்சு, அதை மண்ணுல தேய்ச்சுத்தான் திரும்புவோம். அன்னிக்கு நான் பின்னாடி வந்தேன். அவன் வலது கால் மிதிச்சுக்கிட்டே இருந்துச்சும்மா. ஒண்ணுமே இல்லாத இடத்துல, வெறும் காத்தை."

வாத்தியார் மீது யாரும் வழக்குப் போடவில்லையாம், குற்றம் சொல்லவில்லையாம். "திட்டியிருந்தாக்கூடத் தேவலை" என்றார் பெரியவர். அத்தோடு வண்டியை விட்டவர்தான். பிறகு எங்கேயோ வேலை செய்து, இரண்டு பிரேக் வைத்த காரை வாங்கி, அந்த இரண்டாவது பிரேக்குக்குப் பக்கத்திலேயே வாழ்நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டார்.

நான் வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம்கூடப் பேசவில்லை. உன்னிடம்தான் பேச வேண்டும் என்றிருந்தது.

எழுது. நல்லதோ கெட்டதோ, எழுது.

பெரியவள்

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நானும் நலம் என்றுதான் எழுதிப் பழக்கம். நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதைத் திரும்பப் படிக்காமல் உறையில் போடப்போகிறேன்.

அந்தப் பெண்ணை நான் பார்த்தேன். நேர் ரோட்டில் முதல் தடவை ஓட்டிய நாளிலேயே. திடீரென்று பிரேக் போட்டேன். வாத்தியார் திட்டவில்லை. "என்னம்மா பாத்தீங்க?" என்றார். சொன்னேன். தண்ணீர் கேன் என்று சொன்னதும் அவர் ரோட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். பைத்தியமா என்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை விசாரிப்பது போல, "இருக்காளா?" என்றார்.

"இருக்கா."

"என்ன பண்றா?"

"நிக்கிறா. இந்தப் பக்கமே பாக்கறா."

அதன்பிறகு ஒவ்வொரு வகுப்பும் அந்தக் கம்பத்தில்தான் முடியும். அவரால் பார்க்க முடியாது. நான் பார்த்துச் சொல்ல வேண்டும். காரணம் என்ன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ எழுதித்தான் தெரிந்துகொண்டேன். கடைசி நாளில் அவள் நகர்ந்து அவர் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்தாள். கதவின் கைப்பிடியில் கை வைத்தாள். உதடு அசைந்தது. எனக்குக் கேட்டது.

"என்ன சொல்றா?"

"'போகலாமா அண்ணே'ன்னு கேக்கறா சார்."

அவர் அந்த வெறும் கண்ணாடியைப் பார்த்துக் கத்தினார். "போம்மா! போ! தாராளமாப் போ!" அவளுக்கு அது கேட்கவில்லை அக்கா. அவருக்கு அவள் தெரியவில்லை, அவளுக்கு இவர் குரல் எட்டவில்லை. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். போகச் சொல்லிச் சொல்லி இவருக்குத் தொண்டை கட்டிப்போனது. நடுவில் நான்.

திரும்பி வரும்போது, "இனிமே வராதீங்கம்மா. என் பாரத்த உங்க தலையில வெச்சுட்டேன்" என்றார். இறங்கும்போது இன்னொன்றும் சொன்னார். "பயம் வந்தா வேகத்தக் கூட்டாதீங்க, கண்ண மூடாதீங்க. நிறுத்துங்க. அவங்க போகட்டும். அப்புறம் கிளம்புங்க." அதில் 'அவ' என்று சொல்லாமல் 'அவங்க' என்றாரே, அப்போதுதான் அவர் புரிந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

ஏனென்றால் அந்த ரோடு மட்டும் இல்லை அக்கா. அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். நம் பள்ளிக்கூட வாசலில், ரயில்வே கேட்டில். கடல் தாண்டி வந்தால் விட்டுப்போகும் என்று நினைத்துத்தான் தூரத்து மாப்பிள்ளைக்குச் சரி என்றேன். இங்கேயும் நிற்கிறார்கள். எல்லா ஊர் ரோட்டிலும் நிற்கிறார்கள். முன் சீட்டில் உட்கார்ந்தால் எனக்கு வாந்தி வரும் என்று உன் மாப்பிள்ளை இன்றுவரை நம்புகிறார். இப்போது பையன், "நான் ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காரும்மா" என்று தினமும் கேட்கிறான். தலைவலி, வேலை என்று தட்டிக்கழிக்கிறேன். அவன் முகம் வாடிப்போகிறது.

என்னை ஒருபோதும் விசித்திரமாகப் பார்க்காத ஒரே மனிதர் போய்விட்டார். இனி நீயும் அப்படிப் பார்த்துவிடாதே.

சின்னவள்

*

ஆகஸ்ட் 30

என் சின்னவளுக்கு,

சின்ன வயதில் ரயில்வே கேட் வந்தால் நீ என் முந்தானைக்குள் முகத்தைப் புதைப்பாய். ரயிலுக்குப் பயம் என்று அம்மா சொல்வாள், நானும் அப்படியே நம்பிவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். நீ பார்த்தாய் என்றால் பார்த்தாய். முடிந்தது பேச்சு.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் காலை அங்கே போனேன். தனியாகத்தான். உன் அத்தான் வருகிறேன் என்றார். "முதுக வெச்சுக்கிட்டு நீங்க வேற எதுக்கு" என்று சொல்லிவிட்டேன். சூளையில் புகை போய்க்கொண்டிருந்தது. வயலில் ஒருவரும் இல்லை. கம்பம் வந்தது. பக்கத்து பிரேக் இறங்கியது.

எஞ்சினை அணைத்தேன். அந்தக் காலி சீட்டைப் பார்த்தேன். நடுவில் ஒருவர் உட்கார்ந்த மாதிரி பஞ்சு அமுங்கியிருந்தது. எனக்கு ஒன்று தோன்றியது. இவர் நிறுத்துகிறார், நிறுத்துகிறார், ஆனால் இறங்குவதே இல்லை. உயிரோடு இருந்தபோதும் இறங்கவில்லை. உள்ளே உட்கார்ந்து கண்ணாடி வழியாகத்தான் கத்தியிருக்கிறார். இறங்கிப் பக்கத்தில் போய்ச் சொன்னால்தானே அந்தப் பெண்ணுக்குக் கேட்கும்?

நீ கதவைத் திறக்காதே என்றாய். நான் திறந்தேன். கோபித்துக்கொள்ளாதே. எட்டிக் குனிந்து அவர் பக்கத்துக் கதவின் கைப்பிடியை இழுத்து, வெளியே தள்ளிவிட்டேன்.

"இறங்குங்க சார்" என்றேன். "வண்டிய நான் பாத்துக்கறேன்."

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு வண்டி ஒரு பக்கமாக லேசாக எழும்பியது, கனமான ஆள் இறங்கினால் எழும்புமே, அப்படி. அமுங்கிய பஞ்சு மெல்ல உப்பியது. பிரேக் மேலே வந்தது. அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. தார் ரோட்டில் இரும்பு தேய்கிற சத்தம். ஒரு காலை இழுத்து இழுத்து வைத்து, வண்டிக்கு முன்னால் போய், அந்தப் பக்கத்து வயலில் இறங்கிற்று. மண்ணில் இறங்கியதும் கேட்கவில்லை.

நான் ஸ்டீயரிங்கில் தலை வைத்து அழுதேன். பயத்தில் பாதி, மீதி என்னவென்று தெரியாது. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அதன்பிறகு நாலைந்து முறை அந்த வழியே போய்விட்டேன். பிரேக் பேசாமல் இருக்கிறது. தையல்காரம்மா நேற்று வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி வந்தார், பாதிப் பணம் கட்டியிருக்கிறாரே என்று. காரை விற்கிற பேச்சை உன் அத்தான் எடுக்கவில்லை. ஆனால் எனக்குத்தான் பக்கத்து சீட் வெறுமையாகத் தெரிகிறது. அவர் நிறுத்திக்கொண்டிருந்த வரைக்கும் இருந்தார் அல்லவா?

நீ பையனோடு முன்னால் உட்கார். வாத்தியார் உன்னிடம் சொன்னதை அவனிடம் சொல்.

உன் முந்தானைக்காரி,
பெரியவள்

*

அக்டோபர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை நலம் என்பதை யோசித்துத்தான் எழுதுகிறேன். நலம்.

கோபம் இல்லை. உன் கடிதத்தைக் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். கதவைத் திறந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு, அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வந்துதான் மீதியைப் படிக்க முடிந்தது. அவள் கேட்டதற்கு அவர் பதில் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகக் கிளம்பினோம். நான் முன் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். பையன் சாவியைக் கீழே போட்டுவிட்டான். உன் மாப்பிள்ளை அவசரமாக ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார், பாவம்.

பையன் நன்றாக ஓட்டுகிறான், கொஞ்சம் வேகம். மருத்துவமனை தாண்டி ஒரு திருப்பம் இருக்கிறது. அங்கே நடு ரோட்டில் ஒரு பெரியவர், வீட்டுச் செருப்போடு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். முன்னால் போன வண்டி அவர் ஊடாகப் போனது.

"நிறுத்துடா. அவங்க போகட்டும்" என்றேன்.

நிறுத்தினான். முன்னால் ஒன்றுமில்லை. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். பையன் ரோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். கியரிலிருந்து கையை எடுத்து என் கை மேல் வைத்தான். நான் கண்ணை மூடவில்லை அக்கா. பெரியவர் ஒரு அடி, இன்னொரு அடி என்று நடந்து, ஓரத்துக்குப் போய்ச் சேரும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இப்ப போ."

வீடு வந்து எஞ்சினை அணைத்தான். பிறகு ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே, "நாம நின்னோமே, அவங்க ஏதாவது சொன்னாங்களாம்மா?" என்றான்.

"திரும்பித் தலையாட்டிட்டுப் போனார்டா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, சாமான் பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

டிசம்பரில் மூவரும் அங்கே வருகிறோம். அத்தானுக்கு முதுகு வலிக்காத தலையணை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

உன்,
சின்னவள்